"ஆதாரம் எங்கே?" என்று எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் கேட்கிறோமா?

அரைக்கிணறு எழுதியது:

கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் லேசில் நம்பாதவன் என்று பேர் எடுத்த ஆள் நான். யாராவது எதையாவது சொன்னால் முதலில் என் வாயிலிருந்து வருவது "ஆதாரம் எங்கே?" என்பதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட்டை முதலில் படித்தபோது, கணப்புக்குப் பக்கத்தில் குளிர்கால அங்கியோடு உட்கார்ந்துகொண்டு, கையில் இருக்கும் இந்தக் காகிதம் நிஜம்தானா, ஒருவேளை கனவோ என்று அவர் கேட்கும் இடம் (1641இல் எழுதியது) எனக்குப் பெரிய வீரமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்குகிற துணிச்சல்.

இப்போது அந்தப் பெருமையில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. அக்காவுக்கு இரண்டு வருடமாக அடிவயிற்றில் வலி. சில வாரங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவரிடம் போனபோது அத்தானோடு நானும் போயிருந்தேன். மருத்துவர் மூத்தவர், அனுபவசாலி, முகத்தைச் சுளிக்கிற ஆளும் இல்லை. அக்கா வலி எங்கே ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, ராத்திரியில் கட்டிலில் படுக்க முடியாமல் தரையில் சுருண்டு படுப்பது வரை வரிசையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டார். பேனா மூடி போட்டபடி மேசைமேல் கிடந்தது. "வேலையில் டென்ஷன் ஜாஸ்தியா?" என்றார். அப்புறம் அத்தான் வாயைத் திறந்தார். "ராத்திரி தரையில் படுத்துக்கொள்கிறாள் டாக்டர், நானே பார்த்திருக்கிறேன்." அக்கா ஐந்து நிமிடம் முன்பு சொன்ன அதே விஷயம். டாக்டர் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, எழுத ஆரம்பித்தார்.

அந்த மூடி கழன்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், நான் மட்டும் என்ன? அவள் முதலில் வலி என்று சொன்ன காலத்தில் "மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு, சரியாகிவிடும்" என்றவன்தானே.

என் கேள்வி இரண்டு. ஒன்று, சந்தேகம் என்பது அறிவாளியின் குணம் என்று படித்திருக்கிறோம், ஆனால் அந்தச் சந்தேகம் ஆளைப் பார்த்துக் கூடிக் குறைந்தால் அதற்குப் பேர் என்ன, அது இன்னும் அறிவுதானா? இரண்டு, வெளி உலகம் இருப்பதையே நிரூபிக்க முடியாது என்று ஒத்துக்கொள்கிறவன், "இது அநீதி, எனக்குத் தெரியும்" என்று எந்த வாயால் சொல்ல முடியும்?


செவிவழி எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரு பேர் இருக்கிறது. மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவ அறிஞர் 2007இல் இதை "அறிவுசார் அநீதி" என்று விரிவாக எழுதினார். அதில் ஒரு வகை சாட்சிய அநீதி. ஒருவர் சொல்வதைக் கேட்பவர், சொல்கிறவர் பெண், கறுப்பர், ஏழை, படிக்காதவர் என்பது போன்ற முன்முடிவால் அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைக் குறைத்துப் போடுவது. இதில் முக்கியமானது என்னவென்றால், கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் டாக்டர் மாதிரி நல்லவராக, பொறுமையாகத் தலையாட்டுகிறவராக இருந்துகொண்டே இதைச் செய்யலாம். பேனா விஷயம் அச்சு அசல் உதாரணம்.

ஃபிரிக்கர் இதை மனம் புண்படுகிற விஷயமாக மட்டும் பார்க்கவில்லை. ஒருவர் சொல்வதை நம்பாமல் விடும்போது, "அறிந்து சொல்லக்கூடிய ஆள்" என்ற இடத்திலிருந்தே அவரை இறக்கிவிடுகிறோம். அங்கே உங்கள் அக்கா தகவல் சொல்கிறவராக இல்லை, தகவல் எடுக்கப்படுகிற பொருளாக இருந்தார். வலி யாருக்கோ, வலிக்குச் சாட்சி வேறு யாரோ.

இன்னொன்று. "நான் எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பமாட்டேன்" என்று சொல்கிற எல்லாரிடமும் (முன்னாள் நானும் சேர்த்துத்தான்) ஒரு கேள்வி: உங்கள் பிறந்த தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்கள், சரி, ஆனால் காலண்டர் பார்க்கவில்லை. அம்மா சொன்னது, சான்றிதழில் யாரோ எழுதியது. பூமி சுற்றுவது, இதயத்துக்கு நான்கு அறை, போன நூற்றாண்டில் இரண்டு உலகப் போர் என்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி அடுத்தவர் வாய்வழி வந்ததுதான். ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூம் 1748இல், சாட்சியத்தையும் அனுபவத்தால் எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும் என்றார். அதே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் ரீட் 1764இல், இல்லை, நம்புவதுதான் மனிதனுக்கு இயல்பு, சந்தேகப்படத்தான் காரணம் வேண்டும் என்றார். எனக்கு ரீட் பக்கம்தான் சாய்வு. ஆனால் உங்கள் பிரச்சினை அந்த இரண்டுக்கும் நடுவில் இல்லை. அத்தானிடம் ரீட் மாதிரியும் அக்காவிடம் ஹியூம் மாதிரியும் நடந்துகொள்வதுதான் பிரச்சினை. எந்த அளவுகோல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆள் மாறும்போது கோலும் மாறக்கூடாது.

நம் பக்கத்திலும் இது புதுசு இல்லை. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறளை எல்லாரும் "கண்மூடித்தனமாக நம்பாதே" என்பதற்கு மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். "யார்யார்வாய்" என்பது இரண்டு பக்கமும் வெட்டும். பெரிய மனிதர் சொன்னார் என்று ஏற்காதே என்பது ஒரு பக்கம், சின்ன ஆள் சொன்னார் என்று தள்ளாதே என்பது இன்னொரு பக்கம். நியாயம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபில் நம்பத்தகுந்தவர் சொல் ஒரு பிரமாணம், அதாவது அறிவைப் பெறும் வழி. அந்த நம்பத்தகுந்தவர் யார் என்ற இடத்தில் அந்த மரபின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் (காமசூத்திரக்காரர் வேறு, இவர் வேறு), இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் (வெளியார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும்) சமம்தான் என்று எழுதியிருக்கிறார். விஷயத்தை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடி சொல்ல விரும்ப வேண்டும், அவ்வளவுதான் தகுதி. எழுதியது இப்படி, நடந்தது எப்படி என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.


கடைசிபெஞ்ச் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இது எங்கே போய் முடியும் என்று யாராவது சொல்லுங்கள். ஒடுக்கப்பட்டவர் சொன்னால் நம்பு, கேள்வி கேட்டால் நீ அநீதி செய்கிறாய், இதுதானே அடுத்த படி? சந்தேகம் இல்லாவிட்டால் நிரபராதி எப்படித் தப்புவான்?

1931இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கு. சரக்கு ரயிலில் வந்த கறுப்பின இளைஞர்கள் 9 பேர், அதில் சிலர் சின்னப் பையன்கள். தங்களை வன்புணர்வு செய்ததாக இரண்டு வெள்ளைப் பெண்கள் சொன்னார்கள். சில வாரங்களிலேயே 8 பேருக்கு மரண தண்டனை. இந்த ஒரு இடத்தில் யாராவது "ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் இல்லையா? பெண் சொன்னால் நம்பு என்ற விதியை இங்கே போட்டுப் பாருங்கள்.

நான் நம்பாதவர்களின் கட்சி இல்லை, விதியைத்தான் கேட்கிறேன். விதி இல்லாமல் "பார்த்துப் பார்த்து நம்பு" என்பது நடக்கிற காரியம் இல்லை.


மேசைவிளக்கு எழுதியது:

கடைசிபெஞ்ச், நீங்கள் எடுத்த வழக்கையே இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். அந்த இரண்டு பெண்களில் ஒருவர் 1933இல் மறு விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புச் சாட்சியாகவே ஏறி, அப்படி எதுவும் நடக்கவில்லை, சொன்னது பொய் என்றார். ஜூரி என்ன செய்தது தெரியுமா? நம்பவில்லை. மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு. (அந்த நீதிபதியே பிறகு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார், அது வேறு கதை.)

அதே பெண், அதே வாய். கறுப்புப் பையன்களுக்கு எதிராகச் சொன்னபோது உடனே நம்பினார்கள், ஆதரவாகச் சொன்னபோது விலைபோய்விட்டாள் என்றார்கள். அங்கே நம்பப்பட்டது பெண் இல்லை, ஏற்கனவே அவர்கள் நம்பி வைத்திருந்த கதை. அந்தக் கதைக்குப் பொருந்துகிற வரை சாட்சிக்கு மரியாதை. அதனால் ஸ்காட்ஸ்பரோ உங்கள் பக்கத்து உதாரணம் இல்லை. அந்த 9 பேர் நாங்கள் செய்யவில்லை என்று சொன்னதற்குக் கிடைத்த மதிப்பு என்ன? அதுவும் சாட்சிய அநீதிதான், உயிரையே கேட்கிற அளவுக்கு.

விதி வேண்டும் என்கிறீர்கள். என்னிடம் விதி இல்லை, ஒரு சோதனை இருக்கிறது. ஒருவரிடம் ஆதாரம் கேட்கத் தோன்றும்போது, இதே விஷயத்தை எனக்குப் பிடித்த, என்னைப் போன்ற ஒருவர் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்று கேட்டுக்கொள்வது. வந்திருக்கும் என்றால் தாராளமாகக் கேளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது வேறு. இங்கே எல்லாரும் கேட்பவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். சொல்கிற பக்கத்தில் நிற்பவருக்கு என்ன ஆகிறது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அங்கே பல வருடம் நின்றிருக்கிறேன்.

முதல் தடவை நம்பாதபோது கோபம் வரும். ஐந்தாவது தடவை கோபம் வராது, கணக்கு வரும். இவரிடம் எவ்வளவு சொல்லலாம், எந்தப் பகுதியைச் சொன்னால் "மிகைப்படுத்துகிறாள்" என்பார், அதை விட்டுவிடலாம். நான் ஒரு புகார் எழுதியபோது மூன்று பக்கம் எழுதி, அடித்து அடித்து, கடைசியில் கொடுத்தது பதினோரு வரி. அந்தப் பதினோரு வரியைப் படித்துவிட்டு "இதில் பெரிதாக ஒன்றும் இல்லையே" என்றார்கள். உண்மைதான், பெரிதாக இருந்ததெல்லாம் என் குப்பைக்கூடையில் இருந்தது. கிறிஸ்டி டாட்சன் என்ற தத்துவ அறிஞர் 2011இல் எழுதிய கட்டுரையில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்: கேட்பவருக்கு எது ஏறாது என்று தெரிந்து சொல்கிறவரே தன் சாட்சியத்தை விழுங்கிக்கொள்வது. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் யாரையும் மறுக்கவில்லை. அமைதியாகத்தான் இருக்கும்.

பத்தாவது தடவைக்கு அப்புறம் நடப்பதுதான் மோசம். நம் மேலேயே சந்தேகம் வந்துவிடும். நிஜமாகவே அப்படி நடந்ததா, நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனா? டெகார்ட் தானாக வரவழைத்துக்கொண்ட சந்தேகம், எங்களுக்கு வீடு தேடி வருகிறது. அவரை ஏமாற்ற ஒரு பேயைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. எங்களுக்கு மேலாளர் போதும்.

சில நேரம் சொல்வதற்கு வார்த்தையே இருக்காது, அது இன்னொரு வகை. கார்மிட்டா வுட் என்ற பெண் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியல் துறையில் அலுவலக வேலை பார்த்தவர். அங்கே ஒரு பேராசிரியர் தொடர்ந்து கொடுத்த தொல்லையில் கழுத்துவலி, முதுகுவலி வரைக்கும் வந்து, இடமாற்றம் கேட்டுக் கிடைக்காமல், வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சொந்தக் காரணம்" என்று சொன்னார். சொந்தக் காரணத்துக்கு உதவித்தொகை கிடையாது, மறுத்துவிட்டார்கள். 1975இல் சில பெண்கள் ஒன்றுசேர்ந்து பேசும்போது, அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் இதே மாதிரி ஒரு கதை இருப்பது தெரிந்தது. இதற்கு என்ன பேர் வைப்பது என்று மிரட்டல், சுரண்டல் என்றெல்லாம் பார்த்து, எதுவும் ஒட்டாமல், கடைசியில்தான் நாம் இன்று "பாலியல் துன்புறுத்தல்" என்று சொல்கிற சொல் ஆங்கிலத்தில் பிறந்தது.

யோசித்துப் பாருங்கள், நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும், உடம்புக்கே தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு எழுத ஒரு சொல் இல்லை. தமிழிலும் ரொம்ப நாள் இதற்குக் "கேலி", "சீண்டல்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சொற்களில் விளையாட்டு வாசனை அடிக்கிறது. புகார் சொல்ல வாயைத் திறந்தாலே பாதிக் குற்றம் மன்னிக்கப்பட்டுவிடும்.


கடைசிபெஞ்ச் எழுதியது:

ஸ்காட்ஸ்பரோ இரண்டாவது விசாரணை பற்றி எனக்குத் தெரியாது. அந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சோதனை பற்றி யோசிக்கிறேன்.

ஆனால் இன்னொரு சிக்கல், இதை யாராவது அவிழ்த்தால் சந்தோஷம். புள்ளிவிவரம் உண்மையாகவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்? ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் கதை ஞாபகம் வருகிறது. அமெரிக்காவின் பெரிய வரலாற்றாசிரியர், கறுப்பர். 1995இல் அந்த நாட்டின் உயரிய சுதந்திரப் பதக்கம் வாங்குவதற்கு முந்தின நாள் ராத்திரி, வாஷிங்டனில் தான் உறுப்பினராக இருந்த ஒரு பழைய கிளப்பில் நண்பர்களுக்கு விருந்து வைக்கிறார். கூடத்தில் நடந்துவரும்போது ஒரு வெள்ளைப் பெண்மணி அவரிடம் கோட்டு வாங்குகிற டோக்கனை நீட்டி, என் கோட்டை எடுத்துவாருங்கள் என்கிறார்.

கேவலம்தான், மறுக்கவில்லை. ஆனால் தத்துவக் கேள்வியாகப் பார்த்தால், அந்தக் கிளப்பில் கறுப்பு உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு, கறுப்புப் பணியாளர்கள் நிறையப் பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தப் பெண்மணி போட்ட கணக்கு தப்பா? ஆதாரப்படிதானே நடந்தார்? ஆதாரத்தை மதிப்பதும் அநீதி செய்யாமல் இருப்பதும் இங்கே முட்டிக்கொள்கின்றன. எதை விடுவது?


செவிவழி எழுதியது:

நல்ல கேள்வி. இதில் அறிஞர்களே இரண்டு மூன்று கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். தமர் கெண்ட்லர் 2011இல் இதே சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அநீதியான சமூகத்தில் வாழ்வதற்கு அறிவுக்கே ஒரு விலை உண்டு, புள்ளிவிவரத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் நஷ்டம், பின்பற்றினாலும் நஷ்டம் என்கிற மாதிரி வாதாடினார். இன்னும் சிலர், ஒரு நம்பிக்கை தப்பானால் அடுத்தவருக்கு எவ்வளவு காயம் என்பதைப் பொறுத்து, அதை நம்புவதற்குத் தேவைப்படும் ஆதாரத்தின் அளவே கூடும் என்கிறார்கள். தெருவில் கிடப்பது கயிறா பாம்பா என்று குத்துமதிப்பாக முடிவு செய்யலாம், எதிரே நிற்பவர் வேலைக்காரரா என்று அப்படி முடிவு செய்யக்கூடாது என்பது மாதிரி.

எனக்கு இதைவிட எளிய பதில் ஒன்று அந்தக் கதையிலேயே இருக்கிறது. ஃபிராங்க்ளின் அந்தப் பெண்மணியிடம் என்ன சொன்னார் என்றால், இங்கே பணியாளர்கள் எல்லாரும் சீருடையில் இருப்பார்கள், அவர்களிடம் கொடுத்தால் கோட்டு கிடைக்கும் என்றார். அவர் சீருடையில் இல்லை. ஆதாரம் கண்ணெதிரே இருந்தது! அந்தப் பெண்மணி ஆதாரப்படி நடக்கவே இல்லை. தோலைப் பார்த்ததோடு கண் நின்றுவிட்டது, உடுப்பு வரை போகவில்லை. "புள்ளிவிவரம் அப்படித்தானே" என்று சொல்கிற பெரும்பாலான இடங்களில் இதுதான் நடக்கிறது என்பது என் அனுமானம். பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் விட்டதற்கு அப்புறம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறோம்.

எல்லா இடத்திலும் இப்படிச் சுலபமாக அவிழும் என்று சொல்லவில்லை. சீருடையே இல்லாத கிளப் என்றால் மறுபடி உங்கள் முடிச்சு அப்படியே இருக்கும்.


துளைக்கருவி எழுதியது:

மருத்துவம் என்று ஆரம்பித்ததால் ஒன்று. நம்பாமல் இருக்க ஆளே வேண்டாம், கருவி போதும். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் கிளிப் இருக்கிறதே, ஆக்சிமீட்டர், அது தோல் வழியாக ஒளி பாய்ச்சி அளக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு: கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது, தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்குக் கீழே இருந்த கேஸ்கள் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். அதுவும் கொரோனா நேரம், அந்த எண்ணை வைத்துத்தான் பலருக்கு ஆக்சிஜன் தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்தார்கள்.

இப்போது நோயாளி "மூச்சு முட்டுகிறது" என்கிறார், கருவி "நன்றாக இருக்கிறார்" என்கிறது. சந்தேகப்படுகிற நல்ல மருத்துவர் யாரைச் சந்தேகப்படுவார்? கருவிக்கு முன்முடிவு கிடையாது என்று நாம் நம்புகிறோம். கருவியைச் செய்து, சோதித்து, இது போதும் என்று முடிவு செய்த இடத்தில் யாருடைய விரல்கள் இருந்தன என்று யாரும் கேட்பதில்லை.

"நான் ஆதாரத்தை மட்டும் நம்புகிறேன்" என்பவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும். ஆதாரத்துக்கும் பூர்வீகம் உண்டு.


அரைக்கிணறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கிடைத்துவிட்டது. என் இரண்டாவது கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை. எதையும் உறுதியாக அறிய முடியாது என்றால் அநீதியை மட்டும் எப்படி அறிவது?


மேசைவிளக்கு எழுதியது:

அந்தக் கேள்வி எப்போதும் அநீதி பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் வருகிறது என்று முதலில் கேட்கிறேன். சம்பளம் வரவில்லை என்றால் "வெளி உலகம் இருப்பதே சந்தேகம், பணம் மட்டும் எப்படி" என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கோபிக்காதீர்கள், உங்களைச் சொல்லவில்லை.

சார்லஸ் மில்ஸ் என்ற கறுப்பினத் தத்துவ அறிஞர் ஒரு கட்டுரையில் இந்த மாதிரி ஒன்றைச் சொல்கிறார்: அன்றாட வாழ்க்கையே ஒடுக்குமுறையோடு மல்லுக்கட்டுவதாக இருப்பவனுக்கு, ஒடுக்குகிறவன் உண்மையில் இருக்கிறானா என்ற சந்தேகம் ஒரு தத்துவப் பிரச்சினையாகத் தோன்றவே தோன்றாது. டெகார்ட்டின் கணப்பும் அங்கியும் சும்மா வர்ணனை இல்லை. அந்தச் சந்தேகத்தால் அவர் சோற்றுக்கு ஆபத்து வரவில்லை, கதவைத் தட்டி "நீ யார், நிரூபி" என்று யாரும் கேட்கப் போவதும் இல்லை.


செவிவழி எழுதியது:

மேசைவிளக்கு சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. பண்டைய கிரேக்கத்தின் பிர்ரோ வழிச் சந்தேகவாதிகள், எந்தப் பக்கமும் முடிவெடுக்காமல் தீர்ப்பை நிறுத்திவைத்தால் மன அமைதி கிடைக்கும் என்றவர்கள். சரி, முடிவே எடுக்காதவன் காலையில் எழுந்து எப்படி நடமாடுவான்? அந்த வழியில் வந்த செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் பதில் சொல்கிறார்: பசித்தால் சாப்பிடுவான், கண்ணுக்குத் தோன்றியபடி நடப்பான், கற்ற தொழிலைச் செய்வான், ஊரில் இருக்கிற சட்டத்தையும் வழக்கத்தையும் பின்பற்றுவான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் விஷயம். தீர்ப்பை நிறுத்திவைக்கிறேன் என்று சொல்கிறவன் நடுவில் நிற்கவில்லை, ஏற்கனவே இருக்கிற வழக்கத்தின் பக்கம் நிற்கிறான். வழக்கம் அடிமை முறையாக இருந்தால் அதன் பக்கம்.

அதைக் காசாக்கத் தெரிந்தவர்களும் உண்டு. அமெரிக்க சிகரெட் கம்பெனி ஒன்றின் 1969ஆம் வருடத்து உள்குறிப்பில், சந்தேகம்தான் நம் சரக்கு என்றே எழுதி வைத்திருந்தார்கள். சிகரெட் நல்லது என்று நிரூபிக்கத் தேவையில்லை, கெட்டது என்பதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று மட்டும் ஜனங்கள் நினைத்தால் போதும், வியாபாரம் நடக்கும்.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நூற்றுக்கு நூறு உறுதி அறிவுக்குத் தேவையே இல்லை, வேறு எந்த விஷயத்திலும் நாம் அதைக் கேட்பதில்லை. அநீதிக்கு மட்டும் கேட்டால் அதுவே உங்கள் முதல் கேள்விதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்" இரண்டும் தீராத துன்பம் என்று வள்ளுவர் சொல்வதில், நாம் முதல் பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். விசாரிக்காமல் நம்புவது மட்டும் தப்பு என்று நினைக்கிறோம். விசாரித்துத் தெரிந்த பிறகும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பதும் அதே வரிசையில்தான் இருக்கிறது.


கடைசிபெஞ்ச் எழுதியது:

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், சண்டைக்கு இல்லை. ஒடுக்கப்பட்டவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும் என்றும் ஆகிவிடக்கூடாது. கஷ்டப்படுகிறவனும் தப்பாகப் புரிந்துகொள்வான், தன் கஷ்டத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரன் என்று நம்புவான்.


மேசைவிளக்கு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ஒடுக்கப்பட்டவர் நிற்கிற இடத்திலிருந்து சில விஷயம் தெளிவாகத் தெரியும் என்ற வாதத்தை முதலில் வைத்த பெண்ணிய அறிஞர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள்: அந்த இடத்தில் பிறந்துவிட்டால் மட்டும் பார்வை வந்துவிடாது, பேசி, ஒப்பிட்டு, உழைத்துப் பெற வேண்டியது. கார்மிட்டா வுட் தனியாக உட்கார்ந்திருந்தபோது "சொந்தக் காரணம்" என்றுதானே அவரும் சொன்னார். பல பேர் சேர்ந்த பிறகுதான் அது சொந்தக் காரணம் இல்லை என்று தெரிந்தது.

ஆனால் கேள்வி அவர்கள் எப்போதும் சரியா என்பது இல்லை. தப்பாகச் சொல்வதற்கு எனக்கும் உங்களுக்கும் இருக்கிற உரிமை அவர்களுக்கும் இருக்கிறதா என்பதுதான். நான் தப்பாகச் சொன்னால் "தவறிவிட்டது" என்பார்கள். அவர்கள் தப்பாகச் சொன்னால் "இவர்களே இப்படித்தான்" என்பார்கள்.


அரைக்கிணறு எழுதியது:

இந்த இழையை அக்காவிடம் காட்டினேன். முழுக்கப் படித்தாள். பேனா பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பேனா ஞாபகமே இல்லை.

"மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு என்று சொன்னதாக ஒரு வரியில் எழுதியிருக்கிறாயே, அது ஒரு தடவை இல்லை, நான் எண்ணி வைத்திருக்கிறேன்" என்றாள். நிஜமாகவே எண்ணி வைத்திருந்தாள். ஒரு பழைய நோட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதியது, தேதி, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, யாரிடம் சொன்னேன், என்ன சொன்னார்கள். ஒன்றரை வருடக் கணக்கு. ஏன் இப்படி எழுதி வைத்தாய் என்று கேட்டேன். "நீதானே எப்பவும் ஆதாரம் கேட்பாய்" என்றாள்.

சொன்னார்கள் என்ற பகுதியில் என் பேர் ஏழு இடத்தில் இருக்கிறது.


மேசைவிளக்கு எழுதியது:

அந்த நோட்டை டாக்டரிடம் காட்டினாரா?


அரைக்கிணறு எழுதியது:

இல்லை. அன்றைக்கு அவள் கைப்பையில்தான் இருந்ததாம். "நோட்டில் எழுதுகிற பொம்பளை என்றால் இன்னும் பைத்தியம் என்று நினைப்பார்" என்று எடுக்கவில்லையாம். போன வாரம் வேறு ஒரு மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனாள். அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருக்கலாம் என்று லேப்ராஸ்கோபிக்கு (வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்க்கும் சோதனை) எழுதிக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை.